எண்ணினால் மட்டும் போதுமா?

எண்ணாமல் உலகில் எதுவும் நடப்பதில்லை. கரிசல் காட்டில் விதைப்பவர் மழை நாட்களை எண்ணுகிறார். கடம்பூர் ரயில் நிலையத்தில் போளி விற்பவர் பொட்டலங்களை எண்ணுகிறார். ஆனால், மொத்தமாக எண்ணிவிட்டால் உண்மை தெரிந்துவிடுமா? தெரியாது என்பதே என் கருத்து.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது! அதையே ஆண், பெண் எனப் பிரித்தால், ஆண்களில் ஏறத்தாழ 87 பேர், பெண்களில் 73 பேர் மட்டுமே. மொத்தம் மறைத்ததைப் பிரிவு காட்டிவிட்டது.

இப்படிப் பிரித்து எண்ணுவதற்காகப் பிறந்த இயந்திரமே கணினியின் முன்னோடிகளுள் ஒன்று. அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் என்பவர் ஒருவருக்கு ஓர் அட்டை என வைத்து, வயது, பால், தொழில் முதலியவற்றைத் துளைகளாகக் குறித்தார். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அந்த அட்டைகளாலேயே விரைவாக எண்ணப்பட்டது.

இன்றைய கணினி நிரலும் அதையே செய்கிறது. நம் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். வகுப்புக்குள் மாதம், மாதத்துக்குள் நாள், நாளுக்குள் மாணவியர் என்று பெட்டிக்குள் பெட்டியாக அது அமைந்திருக்கிறது. இதைத்தான் பல பரிமாண அணி என்கிறார்கள். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொருத்தியின் ஊரையும் அதனோடு சேர்த்துவிட்டால் போதும். நிரல் ஒவ்வொரு பதிவாகப் படிக்கும். 'இந்த ஊர், இந்த மாதம்' என்று ஒரு பெட்டியைத் தேடும். இல்லையென்றால் சுழியத்தோடு புதிதாக ஒன்றைத் திறக்கும். வராத நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூட்டும். பெரிய ஊருக்கு எண்ணிக்கை இயல்பாகவே மிகும். ஆகவே கடைசியில் அவ்வூர் மாணவியர் தொகையால் வகுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை!

இதனால் என்ன பயன்? பள்ளிகளில் ஆண்டு விழாவிலே முழு வருகைக்குப் பரிசு தருகிறார்கள். மிக நன்று. ஆனால், வராதவளைச் சோம்பேறி என்று சொல்லிவிடலாமா? தை, மாசி மாதங்களில் மட்டும் மானாவாரி ஊர்களின் பெட்டிகள் நிறைந்தால், அது சோம்பலா? உளுந்தும் பருத்தியும் எடுக்கப் போன தாய்க்குப் பதிலாக அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாளா? ஓர் ஊருக்கு மட்டும் மழை மாதத்தில் எண்ணிக்கை கூடினால், பேருந்து வராததே காரணமாக இருக்கலாம் அல்லவா? 'வருகை நூற்றுக்கு 95' என்னும் ஒற்றை எண் இவற்றுள் எதையும் சொல்லாது. காரணத்தைப் பெட்டியும் சொல்லாதுதான். ஆனால் எந்த வீட்டுக்குச் சென்று கேட்க வேண்டும் என்று சொல்லும்.

பிரித்து எண்ணினால் ஊர்ப் பெயரால் பெண்களை இழிவாகப் பேசமாட்டார்களா என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சமே. தனி ஒருவர் தந்த விவரத்தை 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் இரகசியமாகக் காக்கிறது. அதுபோலவே நாமும் காக்க வேண்டும். ஒருத்தி மட்டுமே உள்ள பெட்டியை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாகாது.

ஆகவே தோழியரே, கணினி வகுப்பில் படம் வரைவதோடும் தட்டச்சோடும் நின்றுவிடாமல் இதனையும் கற்போம். நல்ல மேய்ப்பன் தொண்ணூற்றொன்பது ஆடுகள் இருக்கின்றன என்று மகிழ்ந்து உட்கார்ந்துவிடவில்லை. இல்லாத ஒன்றைத் தேடிப் புறப்பட்டான். நம் எண்ணிக்கையும் அப்படித் தேடிப் புறப்படுவதற்காகவே இருக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி