வரைபடம் முந்திய நகரம்

போர்ஹெஸ் 1946இல் எழுதிய ஒற்றைப் பத்திக் கதை ஒன்று வாசகர் பலரும் அறிந்தது. ஒரு பேரரசின் வரைபடக் கலைஞர்கள் அப்பேரரசின் பரப்புக்கே ஒரு வரைபடம் செய்கிறார்கள். அடுத்து வந்த தலைமுறைக்கு அது பயனற்றதாகத் தோன்ற, வெயிலிலும் மழையிலும் கிடந்து சிதைகிறது. அங்கே நாடு முதலில் இருந்தது; வரைபடம் பின்னால் வந்தது.

போர்ஹெஸின் நாட்டவர்களான ஏரி மெய்லிச், எஸ்தபான் ஒர்தானோ இருவரும் தொடங்கிய டீசென்ட்ராலேண்ட் என்னும் மெய்நிகர் உலகில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. அதன் ஜெனிசிஸ் நகரத்து மனைகளுக்கான முதல் ஏலம் 2017 டிசம்பரில் தொடங்கியது. நகரம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதோ 2020 பிப்ரவரி 20 அன்று. இடைப்பட்ட ஈராண்டுக் காலம் மனை வாங்கியவர்களுக்கு நகரம் என்பது பெரும்பாலும் வரைபடமாகவே இருந்தது.

அந்த வரைபடத்தையும் மனை விவரங்களையும் எவரும் கேட்டுப் பெறுவதற்கு ஓர் ஏபிஐ உண்டு. ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்பதற்கான வாயில் என்று அதைச் சொல்லலாம். மென்பொருள் துறைக்குப் போய்விட்ட என் பழைய மாணவர் ஒருவர் அதை எனக்குத் திறந்து காட்டினார். கிழக்கு மேற்காக ஓர் எண், தெற்கு வடக்காக ஓர் எண். இரண்டையும் கொடுத்தால் அந்த மனையின் விவரம் வந்து விழுகிறது. நகரை முதலில் வகுத்தபோது இவ்வெண்கள் இரு திசையிலும் கழித்தல் 150 முதல் 150 வரை சென்றன. ஆக 301ஐ 301ஆல் பெருக்க, 90,601 மனைகள். ஒவ்வொன்றும் பதினாறு மீட்டர் சதுரம். நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்று மேல்.

விடையாக வருவது ஒரு சிறு பட்டியல். மனையின் வகை ஐந்தில் ஒன்றாக இருக்கும்: விற்றது, விற்காதது, சதுக்கம், சாலை, வட்டாரம். உரிமையாளர் யார் என்பதும் உண்டு, ஆனால் பெயராக அல்ல; எண்ணும் எழுத்தும் கலந்த 42 குறிகள் கொண்ட முகவரியாக. விற்பனைக்கு வைத்திருந்தால் விலையும் இருக்கும். மேலேயும் இடப்புறமும் உள்ள மனையோடு இது ஒட்டியதா என்பதற்கு ஆம், இல்லை என்ற குறிப்பும் உண்டு. எல்லைக்கோடு வரையவா வேண்டாமா என்று படம் வரையும் நிரல் தெரிந்துகொள்வதற்காக அது. அந்த ஏட்டில் அண்டைவீட்டார் இடம்பெறுவது இந்த அளவுக்கு மட்டுந்தான்.

முதலில் இதைப் பாராட்டிவிட வேண்டும். எந்த மனை எந்த முகவரிக்குச் சொந்தம் என்பதை மனுப் போடாமல், கட்டணம் கட்டாமல், யாரையும் பார்க்காமல் உலகில் எவரும் அறியலாம். வில்லங்கச் சான்றுக்காகக் காத்திருந்து பழகிய நமக்கு இது வியப்புக்குரியதே.

என் மனக்குறை சாலையில் தொடங்குகிறது. இந்நகரில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்து போக வேண்டிய கட்டாயம் இல்லை. எண்களைத் தட்டினால் அடுத்த கணம் அங்கே நிற்கலாம். ஆயினும் வரைபடத்தில் சாலைகள் இருக்கின்றன. மனையின் பண்புகளைக் கேட்டால், சாலைக்கு எவ்வளவு தூரம், சதுக்கத்துக்கு எவ்வளவு தூரம் என்று இடைமுகம் அளந்து சொல்கிறது. கால் நடக்காத ஊரில் தூரத்துக்கு ஒரு விலை! 2021 நவம்பரில், ஆடை அலங்கார வட்டாரத்தில் 116 மனைகளை ஒரு நிறுவனம் 6,18,000 மானாவுக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 24 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்நாளில் ஒரு மானா மூன்று டாலருக்கு மேல் விற்றது. 2022 முடிவதற்குள் அது ஒரு டாலருக்கும் வெகுகீழே இறங்கிவிட்டது.

2022 அக்டோபரில் ஒரு சர்ச்சை எழுந்தது. டேப்ரேடார் என்னும் கணிப்புத் தளம் ஒரு நாளில் இந்நகரின் பயனர் 38 பேர் என்று காட்டியது. நகரத்தாரோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,000 பேர் வருவதாக மறுத்தார்கள். பலர் இதைக் கேலிக்குரிய செய்தியாகவே கடந்தனர். எனக்கு அந்த வேறுபாட்டின் காரணம்தான் முக்கியமாகப் பட்டது. 38 என்பது பதிவேட்டில் பரிவர்த்தனை செய்த முகவரிகளின் எண்ணிக்கை. வாங்கியவரும் விற்றவரும் அதில் அடங்குவர். சும்மா வந்து, நாலு பேரோடு பேசி, இசை கேட்டுவிட்டுப் போனவர் அந்த ஏட்டைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே சொல்லும். பழக்கதோஷத்தால் அந்தப் பட்டியலில் பொழுதைத் தேடினேன். ஒரு நேரக்குறிப்பு இருந்தது: பதிவு கடைசியாக மாற்றப்பட்டது எப்போது என்பது. அங்கே யாரேனும் கடைசியாக வந்தது எப்போது என்பதற்கு இடமில்லை.

மாணவர் என்னோடு உடன்படவில்லை. "ஐயா, இது நிலப்பதிவேடு. பட்டாவில் போய் விருந்தாளிகளின் எண்ணிக்கையைத் தேடுவீர்களா? ஆள் நடமாட்டத்தைக் கேட்பதற்கு வேறொரு வாயில் இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரியே. ஆனால் பட்டாவைப் பார்த்து நிலம் வாங்கும் எவரும் ஒருமுறையாவது அந்த இடத்துக்குப் போய் நின்று, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பார். இங்கே முதல் ஏலத்தில் வாங்கியவர்களுக்குப் போய் நிற்க ஓரிடமும் இல்லை. விசாரிக்க ஒருவரும் இல்லை. ஆகவே விலை எழுதியிருக்கும் அதே சதுரத்தில், கடந்த மாதம் அங்கே காலடி வைத்தவர் எத்தனை பேர் என்ற எண்ணும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு வாயிலிலும் தகவல் இருக்கிறதென்றால் இரண்டையும் ஒரே திண்ணையில் வைப்பதில் என்ன சிரமம்? மாணவர் சிரித்தார், "வைத்தால் விலை போகாது ஐயா" என்றார்.