விலாங்கு எந்த வழியால ஏறும்?

வந்தாறுமூலைக்கு பஸ்ஸில் போகும்போது, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூருக்கு முன்னால் கங்கைப் பாலம் வரும். 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி, கொட்டியாரக் குடாவில் விழப்போகிற இடம். போன முறை கம்பஸுக்குப் போகும்போது பக்கத்து சீற்றில் இருந்த மீன் யாவாரியிடம், "இப்ப கங்கையில தண்ணி எப்பிடி நானா?" என்று கேட்டேன்.

"மழையைப் பாத்தா வருது தம்பி? மேல ஆரோ திறந்தாத்தான் வருது" என்றார்.

அந்த "ஆரோ" திறக்கும்போது மீனையும் நினைக்க வேணும் என்பதுதான் என்ர கதை.

மகாவலியின் மேற்பகுதியில் ஒரு மீன் இருக்கிறது. சிங்களத்தில் கடயா. 1917 இல் விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள். கற்களுக்கு இடையே, ஆழமாகவும் வேகமாகவும் ஓடும் தண்ணீர்தான் அதற்கு வீடு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. 1985 இல் 122 மீற்றர் உயரத்தில் விக்டோரியா அணை எழும்ப, அது வாழ்ந்த ஆற்றின் ஒரு பகுதி குளமாகிப் போனது. மீனுக்குத் தண்ணி கூடினது நல்லதுதானே என்று ஒரு நண்பன் கேட்டான். ஓடுற தண்ணியும் நிக்கிற தண்ணியும் ஒண்டில்லை மச்சான். இன்றைக்கு அது அழியும் ஆபத்திலுள்ள மீன்களின் பட்டியலில்.

சரி, அது கண்டிப் பக்கத்துப் பிரச்சினை, திருகோணமலைக்கு என்ன? இங்கேதான் விலாங்கு வருகிறது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறது என்று நாங்கள் நக்கலடிக்கிற அதே விலாங்கு. அது முட்டையிடுவது கடலில். கண்ணாடி போன்ற குஞ்சுகள் ஆற்று வாயால் உள்ளே வந்து, மேலே ஏறி, வருசக்கணக்காக நன்னீரில் வளர்ந்து, கடைசியில் முட்டையிட மறுபடி கடலுக்கே இறங்கும். மகாவலியில் ஏறுகிற குஞ்சுக்கு வாசல் எங்கட குடா. மேலே ரந்தம்பே, ரந்தெனிகல, விக்டோரியா என்று வரிசையாகச் சுவர். தப்பி வளர்ந்தது இறங்கும்போது டர்பைன்.

அணையை உடைக்கச் சொல்லவில்லை. விக்டோரியாவின் 210 மெகாவாற் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்: சம்பூரில் நிலக்கரி வரப் பார்த்தது, 2016 இல்தான் கைவிட்டார்கள். இப்போது அங்கே 120 மெகாவாற் சூரிய மின் திட்டம். நல்லது. ஆனால் பகலில் வெயில் மின்சாரம் தந்தால், அணைத் தண்ணியைச் சேமித்து இரவு உச்ச நேரத்தில் ஒரேயடியாகத் திறக்கத் தோன்றும். பகலில் கல் தெரிய வற்றி, இரவில் அள்ளிக்கொண்டு போகிற ஆற்றில் எந்த மீன் முட்டை நிலைக்கும்?

நான் கலைப்பீடம், எஞ்சினியர் இல்லை. ஆனாலும் நியூசிலாந்தில் மட்டஹினா அணைக்குக் கீழே விலாங்குக் குஞ்சுகளைப் பொறி வைத்துப் பிடித்து, வாகனத்தில் ஏற்றி மேலே விடுகிறார்கள் என்று வாசித்தபோது, இதுக்கு என்ன பெரிய எஞ்சினியரிங் என்றுதான் தோன்றியது. ஒரு தொட்டி, ஒரு லொறி, வேலை செய்ய நாலு பேர்.

கடயாவுக்கு லொறி உதவாது, ஓட்டம்தான் வேணும். சிறுபோகம், பெரும்போகம் என்று ஒவ்வொரு போகத்துக்கும் மகாவலித் தண்ணியைப் பங்கிட கொழும்பில் கூட்டம் நடக்கும். வயலுக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு. அந்தத் தாளில் ஆற்றுக்கு என்று குறையாத ஒரு அளவு எழுதப்பட வேணும். மதகை எவ்வளவு வேகமாகத் திறக்கலாம், மூடலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வேணும். மின்சாரத்தில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். குறையட்டும்.

அந்த மேசையில் ஆற்று வாயில் இருக்கிற எங்களுக்கும் ஒரு கதிரை வேணும். 2006 இல் மாவிலாறு மதகு பூட்டப்பட்டதில் இருந்து யுத்தத்தையே பார்த்த மாவட்டம் இது. மதகைப் பற்றி ஆரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

அடுத்த போகக் கூட்டத்துக்கு முதல் மூதூர், வெருகல் மீனவர் சங்கங்கள் ஒரு கடிதம் எழுதுமென்றால், தட்டச்சு செய்ய நான் வாறன். சிங்களத்தில் மொழிபெயர்க்க எங்கட பட்ச்சில் ரெண்டு பேர் இருக்கினம்.