ஃபவுலுக்கு அப்புறம் பந்து யாருக்கு? கூடைப்பந்தில் மேட்ச்சையே மாற்றும் விதி

1993 ஏப்ரல் 5. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கல்லூரி கூடைப்பந்து இறுதிப்போட்டி. வட கரோலினா 73, மிச்சிகன் 71. மீதம் 11 விநாடி. பந்து மிச்சிகன் வீரர் கிறிஸ் வெப்பர் கையில். ஒரு கூடை விழுந்தால் சமன். அவர் டைம்-அவுட் கேட்டார். ஆனால், அணியிடம் டைம்-அவுட் மிச்சமே இல்லை!

டெக்னிக்கல் ஃபவுல். வட கரோலினாவுக்கு 2 ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும். ஆட்டம் 77-71 என முடிந்தது. மிச்சிகனை வீழ்த்தியது அந்த 2 புள்ளிகள் மட்டுமல்ல, பந்து கைமாறியதும்தான்.

சாதாரண ஃபவுல் என்றால்?

கடைசி ஃப்ரீ த்ரோ உள்ளே போனால், ஃபவுல் செய்த அணிக்கே பந்து கிடைக்கும். பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில் வேண்டுமென்றே ஃபவுல் செய்வது இதனால்தான். கடிகாரம் நிற்கும், பந்தும் திரும்பி வரும்.

மோசமான ஃபவுல் என்றால்?

இந்தியப் போட்டிகளும் பின்பற்றும் ஃபிபா விதிப்படி, பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்து இழுப்பது, அளவுக்கு மீறி மோதுவது எல்லாம் ‘அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்’ ஃபவுல். அதைவிட மோசமானால் வீரர் நேராக வெளியே. இரண்டுக்கும் ஆட்டம் தொடங்கும் முறை ஒன்றுதான்:

• பாதிக்கப்பட்ட அணிக்குப் பொதுவாக 2 ஃப்ரீ த்ரோ. ஷாட் அடிக்கும்போது ஃபவுல் ஆகி, கூடையும் விழுந்திருந்தால் 1.

• மற்றவர்கள் கூடைக்கு அருகே வரிசைகட்டி நிற்க முடியாது. ரீபவுண்டுக்குப் போட்டியே இல்லை.

• ஃப்ரீ த்ரோ விழுந்தாலும் விழாவிட்டாலும் பந்து அதே அணிக்கு. எதிரணியின் பாதியில், எண்ட்லைனிலிருந்து 8.325 மீட்டரில் உள்ள த்ரோ-இன் கோட்டில் ஆட்டம் தொடங்கும். ஷாட் கிளாக்கில் 14 விநாடி.

ஒரு சின்னக் கணக்கு. 4 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி, கடைசி நிமிடத்தில் இப்படி ஒரு ஃபவுல் செய்கிறது. எதிரணிக்கு ஃப்ரீ த்ரோவில் 2, அடுத்து ஒரு த்ரீ-பாயிண்டர். மொத்தம் 5. பந்தைத் தொடாமலேயே முன்னிலை போச்சு!

டெக்னிக்கலுக்கு வேறு தண்டனை

ரெஃப்ரியிடம் வாக்குவாதம், ஆட்டத்தைத் தாமதப்படுத்துவது போன்றவை டெக்னிக்கல் ஃபவுல். இன்றைய ஃபிபா விதியில் இதற்கு 1 ஃப்ரீ த்ரோ மட்டும்; பந்து ஏற்கெனவே யாரிடம் இருந்ததோ அவர்களுக்கே. என்.பி.ஏ.விலும் டெக்னிக்கலுக்கு 1 ஃப்ரீ த்ரோதான். அங்கே ‘ஃப்ளேக்ரன்ட்’ எனப்படும் மோசமான ஃபவுலுக்கு 2 ஃப்ரீ த்ரோவும் பந்தும்.

ஃபிபாவின் இந்த அளவுகோல் அன்றைக்கு இருந்திருந்தால், வெப்பரின் தவறுக்கு அதிகபட்சம் 74-71. பந்து மிச்சிகனிடமே இருந்திருக்கும். ஒரே ஒரு த்ரீ-பாயிண்டர் போதும், சமன்.

இந்தப் பாகுபாடு நியாயமானது. வாய்த்தகராறுக்கும் நடைமுறைத் தவறுக்கும் ஒரு ஃப்ரீ த்ரோ போதும். ஆனால், வேகமாக ஓடுபவரைப் பின்னாலிருந்து இழுத்தால் அவருடைய முழங்காலே போகலாம். அதற்குப் பிறகும் பந்து திரும்பக் கிடைக்கும் என்றால், ‘இழுத்துப் பார்க்கலாம்’ எனக் கணக்குப் போடும் அணிகள் இருக்கத்தான் செய்யும். அந்தக் கணக்கை உடைப்பது ஃப்ரீ த்ரோ அல்ல, பந்து.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது ஸ்கோர்போர்டை அப்புறம் பாருங்க. ரெஃப்ரியின் கை எந்தப் பக்கம் நீளுதுன்னு முதல்ல பாருங்க!