குசினிப் பக்கம்: புளிக்க வைக்காத இட்டலி

நாளைக் காலை இட்டலி அவிக்க வேண்டுமென்றால் இன்று மத்தியானமே வேலை தொடங்கிவிடும். அரிசியையும் உழுந்தையும் நாலைந்து மணித்தியாலம் ஊறப்போட வேண்டும். பின்னேரம் அரைக்க வேண்டும். உப்புப் போட்டுக் கரைத்து, பொங்கி வழியாத அளவு பெரிய பாத்திரத்தில் மூடி வைத்தால் எட்டு, பத்து மணித்தியாலத்தில் மா புளித்துப் பொங்கும். இவ்வளவுக்கும் கை வேலை என்று பார்த்தால் ஒரு மணித்தியாலம்தான் வரும். மிச்ச நேரமெல்லாம் அதை நினைவில் வைத்திருக்கும் வேலை. உழுந்து ஊறப்போட்டாச்சா, மின்சாரம் இருக்கும்போதே அரைத்தாச்சா, மா பொங்குதா என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் இந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார் என்று உங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பால்நிலை பற்றிய பயிற்சிகளில் நாள் முழுக்கச் செய்த வேலைகளைப் பட்டியல் போடச் சொல்லும்போது, பெண்களே இதை எழுதுவதில்லை. அது வேலை என்று அவர்களுக்கும் தோன்றுவதில்லை.

எல்லாப் பெண்களுக்கும் இந்த நேரம் வாய்ப்பதுமில்லை. ஆடைத்தொழிற்சாலையில் முறைவேலை செய்யும் பெண் பின்னேரம் எங்கே நின்று மா அரைப்பாள்? மலையகத்தில் வேறொரு கஷ்டம். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவின் குளிரில் இரவு வைத்த மா விடியும்போதும் வைத்தபடியே கிடக்கும். மாவைப் பொங்கச் செய்யும் பற்றீரியாக்களுக்குச் சூடு வேண்டும். அடுப்படியில் வைத்தும் துணி சுற்றியும் பார்ப்பார்கள். கொழுந்து பறிக்கப் போகும் நேரத்துக்குள் அது பொங்க வேண்டுமே! 2020இற்குப் பின் உழுந்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறியதையும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். கிறைண்டரை நம்பியிருந்த பல வீடுகளில் ஆட்டுக்கல்லும் இருக்கவில்லை.

புளிக்க வைக்காத இட்டலியும் ஒரு தட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்ததுதான் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில், 1942இல், பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்போது பெங்களூரில் 1924இல் தொடங்கப்பட்ட மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்ற உணவகத்தார், அரிசிக்குப் பதிலாகக் கோதுமை ரவையில் இட்டலி அவித்துப் பார்த்ததாகவும், ரவை இட்டலி அப்படித்தான் வந்ததாகவும் சொல்கிறார்கள். இலங்கையும் அந்நாளில் பர்மா அரிசியை நம்பியிருந்த நாடுதான்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எட்டு முதல் பத்து இட்டலிக்கு ஒரு கப் ரவை போதும். மிக நைசான ரவையாக இல்லாமல் சற்றுப் பருமனானதாக இருந்தால் நல்லது. தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு, கடலைப்பருப்பு, உழுத்தம்பருப்பு ஒவ்வொரு தேக்கரண்டி, கறிவேப்பிலை, சிறிதாக அரிந்த பச்சைமிளகாய், இஞ்சி ஆகியவற்றைத் தாளித்து, அதிலேயே ரவையையும் கொட்டி மெல்லிய நெருப்பில் ஐந்து நிமிடம் வறுங்கள். நிறம் மாறத் தேவையில்லை, வாசம் வந்தால் போதும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்த வறுப்பைத்தான். வறுக்காத ரவை களி போல ஒட்டிக்கொள்ளும்.

ரவை நன்றாக ஆறிய பின் ஒரு கப் புளித்த தயிர், அரைக் கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, துருவிய கரட் கொஞ்சம் சேர்த்துக் கலந்து இருபது நிமிடம் மூடி வையுங்கள். சட்டித் தயிர் என்றால் அது கட்டி. அரைக் கப் தயிரோடு அரைக் கப் தண்ணீர் கூட்டிக்கொள்ளலாம். தயிர் கிடைக்காத நாளில் ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி கலந்தாலும் காரியம் நடக்கும், சுவை மட்டும் சற்றுக் குறையும். இந்த இருபது நிமிடத்தில் ரவை தண்ணீரைக் குடித்து இறுகிவிடும். மேலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கரண்டியிலிருந்து தானாக விழும் பதத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இட்டலிச் சட்டியில் தண்ணீர் கொதித்து, தட்டுகளில் எண்ணெய் தடவியான பிறகுதான் அப்பச்சோடாவைத் தொட வேண்டும். கால் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். மாவுக்கு மேல் தூவி இரண்டு சுற்றுக் கலக்கி உடனே ஊற்றி விடுங்கள். இரவெல்லாம் பற்றீரியா செய்யும் வேலையைத் தயிரின் புளிப்பும் அப்பச்சோடாவும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் செய்கின்றன. இரண்டு வழியிலும் இட்டலியை உப்ப வைப்பது காபனீரொட்சைட்டு வாயுதான். மாவைக் கலந்து வைத்துவிட்டுப் பிள்ளைக்குத் தலை இழுக்கப் போனால் வாயு போய்விடும், இட்டலி தட்டையாக வரும். சோடா கூடினாலோ மஞ்சள் பூத்துச் சவர்க்காரம் போலக் கசக்கும். பன்னிரண்டு நிமிடம் அவித்து, ஈர்க்கினால் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு எடுக்கலாம். இட்டலித் தட்டு இல்லாதவர்கள் எண்ணெய் தடவிய சிறு கிண்ணங்களில் ஊற்றி அவிக்கலாம். தட்டையான பாத்திரத்தில் ஊற்றி அவித்து வெட்டிக் கொடுத்தாலும் பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிடும்.

இது உழுந்து இட்டலிக்கு முழு மாற்று என்று நான் சொல்லமாட்டேன். உழுந்தில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது, ரவையில் அதில் பாதிதான். மா புளிக்கும்போது கூடும் சில பி விற்றமின்களும் இதில் கிடைக்காது. ஆகவே பருப்புப் போட்ட சாம்பாரோடு கொடுங்கள், வெறும் தேங்காய்ச் சம்பலோடு நிறுத்தி விடாதீர்கள். ரவையில் பாதியைக் குறைத்துக் குரக்கன் மா சேர்த்தால் கல்சியம் கூடும், நிறம் மட்டும் கறுக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இரண்டு, மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்பச்சோடாவிலும் சோடியம் உண்டு என்பதால் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

சுயதொழிலாக இட்டலி அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரிகள் இந்த முறைக்கு மாற வேண்டாம். ரவை இட்டலி சுடச்சுட இருக்கும்போதுதான் மெத்தென்று இருக்கும். பத்து மணிக்கு மேல் இறுகத் தொடங்கிவிடும். ஒரு நாள் இறுகிய இட்டலி வாங்கிய வாடிக்கையாளர் மறுநாள் வேறு வீட்டைத் தேடுவார். கடைக்குப் புளித்த மாவே பொருத்தம், வீட்டுக்கு இது.

இன்னொரு விடயம். சீக்கிரம் ஆகிவிடும் என்று தெரிந்தவுடன், இரவு எட்டு மணிக்கும் "இட்டலி அவியன்" என்று கேட்கும் வீடுகள் உண்டு. சுருங்கிய வேலை வேறு வேலைக்கு இடம்விட்டால் நமக்கு மிஞ்சுவது என்ன? முதல்நாள் ஆயத்தம் எதுவும் தேவைப்படாத சமையல் என்பதால், குசினிக்குள் அதிகம் வராத ஆட்களுக்கும் இதைப் பழக்கலாம். பதினைந்து வயது மகன் ரவை வறுக்கட்டும். சோடா போடும் நேரத்தை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், இரண்டாம் தடவை அதுவும் தேவைப்படாது.

மிஞ்சிய இட்டலியை எறிய வேண்டாம். உதிர்த்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கிய தாச்சியில் போட்டுப் பிரட்டினால் பின்னேரத் தேநீருக்கு ஆகும்.