கற்கால உணவும் கரைந்துபோன தசையும்

பல்கலைக்கழக நாட்களிலிருந்து என்னோடு நட்புப் பேணிவரும் ஒருவர் 7 மாதங்களில் 16 கிலோ எடையைக் குறைத்தார். பேலியோ என்று இன்று தமிழர் எல்லோரும் அறிந்திருக்கும் உணவுமுறைதான் அவரது வழி. சோறு இல்லை, பாண் இல்லை, சீனி இல்லை, பருப்பும் இல்லை. முட்டை, மீன், இறைச்சி, தேங்காய், மரக்கறி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார். நீரிழிவு நோயாளியான அவருக்கு வைத்தியர் மாத்திரையைக் குறைத்தார். பழைய காற்சட்டைகள் எல்லாம் தையற்காரரிடம் போயின. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் அவருடைய புகைப்படத்தைப் பார்த்துத் தாங்களும் தொடங்கிவிட்டதாக அறிந்தேன்.

இந்நிலையில் வெள்ளவத்தையில் ஓர் அந்தியேட்டிக்கு இருவரும் சென்றிருந்தோம். பாயில் பந்தி. சோற்றை ஒதுக்கிவிட்டு மரக்கறியை மட்டும் சாப்பிட்டு முடித்த நண்பர் எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. மறுபடியும் முயன்றார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்:

"கொஞ்சம் கையைத் தாரும். தொடை தூக்குதில்லை."

கைகொடுத்துத் தூக்கியபோது அவரது புயம் என் பிடிக்குள் அடங்கிற்று. சட்டைத் துணியையும் எலும்பையும் தவிர அங்கே அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. வயிறு போயிருந்தது உண்மை. அதனோடு வேறொன்றும் போயிருந்தது. அதைப் பற்றி எவரும் அவரிடம் சொல்லவில்லை; தராசும் சொல்லவில்லை. குறைந்த கிலோ எது கொழுப்பு, எது தசை என்று பிரித்துக் காட்டும் வல்லமை குளியலறைத் தராசுக்குக் கிடையாது.

உடலுக்குத் தேவையான சக்தியைவிடக் குறைவாக உண்ணும்போது உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிடுகிறது. கொழுப்பை மட்டுமே எடுக்கும் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். ஆனால் தசைக்கு வேலை கொடுக்காமல் மெலிபவர்களில், இழக்கும் எடையின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கக்கூடும் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐம்பது வயதுக்கு மேல் தசை எப்படியும் ஆண்டுதோறும் கரைந்துகொண்டே போகும். அந்தக் கரைதலுக்கு 1989 ஆம் ஆண்டில் அமெரிக்கரான இர்வின் ரோசன்பேர்க் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். நண்பர் தாமாகவே அதை விரைவுபடுத்திக்கொண்டார் என்பதே என் எண்ணம்.

பேலியோக்காரர்கள் கோபிக்கக் கூடாது. இந்த உணவுமுறையின் பின்னே நீண்ட சிந்தனை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 1975 இல் வோல்ரர் வோக்ட்லின் என்ற அமெரிக்க வைத்தியர் கற்கால உணவு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதனைப் படித்தவர் சிலரே. 1985 இல் அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போய்ட் ஈற்றன், மெல்வின் கொனர் ஆகிய இருவரும் புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரையே அறிவுலகின் கவனத்தை ஈர்த்தது. 2002 இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லோரன் கோர்டெயின் எழுதிய நூல் 'பேலியோ' என்ற பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. வேளாண்மை தோன்றிப் பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன, நம்முடைய உடலோ அதற்கு முந்திய இலட்சக்கணக்கான ஆண்டுகளில் உருவானது, ஆகவே தானியமும் பருப்பும் பாலும் நமக்கு ஒவ்வாதவை என்பது வாதம்.

வாதம் கவர்ச்சியானது, சான்றுகள் அவ்வளவு ஒத்துழைப்பதில்லை. ஜோர்தானின் வடகிழக்குப் பாலைநிலத்தில் 14,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுப்புகளில் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்தன என்ற செய்தி 2018 இல் வெளியானது. அங்கு வேளாண்மை தொடங்குவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதன் தானியத்தை அரைத்துச் சுட்டுத் தின்றிருக்கிறான். தன்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்கள் கிழங்கையும் தேனையும் உண்பவர்கள்.

தமிழில் இம்முறையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் நியாண்டர் செல்வன். தமிழ்ப் பேலியோவில் வெண்ணெய், நெய், பனீர், தேநீரில் வெண்ணெய் எல்லாம் தாராளம். கோர்டெயினின் பட்டியலில் பாற்பொருளுக்கு இடமே இல்லை. கற்காலத்து வேட்டைக்காரன் எந்தப் பசுவைக் கறந்து வெண்ணெய் கடைந்தான் என்று நான் கேலி செய்வதுண்டு. ஆனால் இந்த நெகிழ்ச்சிதான் எனக்கு அதில் பிடித்த அம்சம். வேலைக்கு உதவுவதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், பிறகு கற்காலத்தைச் சாட்சிக்கு அழைக்கவேண்டிய அவசியமில்லை. கோர்டெயினும் அதை ஒப்புக்கொண்டவரே. ஜோ ஃப்ரியல் என்ற பயிற்றுநருடன் சேர்ந்து 2005 இல் விளையாட்டு வீரர்களுக்காக எழுதிய நூலில், கடும் பயிற்சியின் போதும் அதற்குப் பின்னரும் மாச்சத்தும் சீனியும் கொள்ளலாம் என்று அவர் விதியைத் தளர்த்தியிருக்கிறார்.

தசை எதனால் வளர்கிறது என்பதே நமக்கு வேண்டிய கேள்வி. 1994 இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி வாசித்த நாளிலிருந்து அது என் மனதை விட்டு அகலவில்லை. மரியா ஃபியற்றரோன் என்ற வைத்தியரும் குழுவினரும் பொஸ்டன் நகரத்து முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் 100 பேரை நான்கு பிரிவாக்கினர். சராசரி வயது 87. ஒரு பிரிவுக்குக் கால்களுக்கான பளுப் பயிற்சி, இன்னொன்றுக்குச் சத்துப்பானம், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு இரண்டும் இல்லை. 10 கிழமைகளின் பின் பயிற்சி செய்தவர்களின் தசைவலு 113 சதவீதம் கூடியிருந்தது. செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். பயிற்சியில்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களின் பலவீனம் குறையவில்லை.

87 வயதில்! நாமோ அறுபதாகுமுன்னரே "இனி என்ன" என்று சாய்மனைக் கதிரையில் சாய்ந்துவிடுகிறோம்.

சாப்பாடு செங்கல், பாரம்தான் மேசன். மேசன் வராத வளவில் செங்கல்லை எவ்வளவு பறித்தாலும் சுவர் எழும்பாது. தசை நார் தாங்கப் பழகிய அளவுக்குச் சற்று மேலான பாரத்தைச் சந்திக்கும்போதுதான் புதிய புரதத்தைக் கட்டும்படி உடலுக்குக் கட்டளை போகிறது. முதற் சில கிழமைகளில் கூடும் வலுவின் பெரும்பகுதி நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது; பருமன் பிறகே தெரியும். பழகிய பாரத்தையே ஆண்டுக்கணக்கில் தூக்கிக்கொண்டிருந்தால் கட்டளையும் நின்றுவிடும். ஆகவே சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். தமிழகத்தின் தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கிய இளைஞர்கள் இதை எந்த விஞ்ஞானியிடமும் கேட்டறியவில்லை.

அதற்காக உணவு முக்கியமில்லை என்று பொருளல்ல. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016 இல் வெளியான ஆய்வொன்றில், 40 இளைஞர்களுக்குத் தேவையைவிட 40 சதவீதம் குறைந்த சக்தியுள்ள உணவைக் கொடுத்து, கிழமையில் 6 நாட்கள் கடும் பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரு பாதிப்பேருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதம், மறுபாதிக்கு 2.4 கிராம். 4 கிழமைகளில் கூடிய புரதம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு 1.2 கிலோ கொழுப்பற்ற உடலெடையைக் கூட்டியும் கொண்டார்கள். மற்றவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தனர். கொழுப்பற்ற எடை ஏறக்குறைய இருந்தபடியே இருந்தது. பட்டினி கிடந்தும் தசை கூடிற்று. பேலியோ உணவில் இயல்பாகவே புரதம் மிகுதி என்பதால் பளுப் பயிற்சியோடு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் மக்மாஸ்ரர் இளைஞர்கள் அந்தப் புரதத்தில் ஒரு பகுதியைப் பாலிலிருந்து பெறப்படும் வே புரதமாகவே குடித்தார்கள். கற்காலம் அங்கே வேலை செய்யவில்லை. பாரமும் புரதமும் வேலை செய்தன.

பருப்பை விலக்குவதில்தான் எனக்கு உண்மையான மனத்தாங்கல். லெக்ரின், பைற்றேற் என்று சில பொருட்களின் பெயரைச் சொல்லிப் பருப்புவகைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் பயறையும் கடலையையும் இரவு ஊறவைத்து, மறுநாள் நன்றாக அவித்து எடுக்கிறார்களே, அது வெறும் சடங்கல்ல. கொதிப்பதில் லெக்ரின் அழிந்துபோகிறது. ஊறுவதிலும் முளைகட்டுவதிலும் பைற்றேற் குறைகிறது. 50 கிராம் மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் உண்டு. பருப்பில் குறையும் அமினோ அமிலம் சோற்றில் இருக்கிறது. சோற்றில் குறைவது பருப்பில் இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். 2018 இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பளுப் பயிற்சி செய்வோருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் வரை புரதம் பயன்தரும், அதற்கு மேல் பெரும்பாலானோருக்கு மேலதிக பயன் தெரியவில்லை என்றார்கள். 62 கிலோ எடையுள்ள என் நண்பருக்கு அது ஏறத்தாழ 100 கிராம். முட்டையொன்றில் 6 கிராம். முட்டையால் மட்டும் நிரப்புவதாயின் நாளுக்குப் பதினேழு. இந்த நாட்டில் 2022 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் முட்டை பட்ட பாட்டையும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியதையும் நாம் மறந்துவிடவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியரிடம் பருப்பைத் தொடாதே, இறைச்சியால் நிரப்பு என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சூடையும் நெத்தலியும் பருப்பும் தயிரும் இரண்டு முட்டையும் சேர்ந்தால் அந்தக் கணக்கில் பெரும்பகுதி தீரும். இடியப்பமும் சொதியுமாக முடிகிற காலைச் சாப்பாட்டில் புரதம் மிகக் குறைவு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். வயதானவர்களின் தசை சிறிய அளவுப் புரதத்துக்கு அசைந்துகொடுப்பதில்லை. ஒவ்வொரு வேளையும் கணிசமாக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் துலா மிதித்தவர்களையும், மண்வெட்டியால் தோட்டம் கொத்தியவர்களையும், நாளொன்றுக்குப் பல பனைகள் ஏறி இறங்கியவர்களையும் கண்ட தலைமுறை எங்களுடையது. அவர்களது தோளும் தொடையும் எந்த ஜிம்மிலும் உருவானவையல்ல. உண்டது குரக்கன் பிட்டும், ஒடியற் கூழும், சோறும் மீனும். அந்தச் சாப்பாட்டை நாம் வைத்துக்கொண்டு வேலையைக் கைவிட்டுவிட்டோம். இப்போது சாப்பாட்டைக் குற்றம் சொல்கிறோம்.

தென்னாசியரான நமக்கு இது அழகுப் பிரச்சினையல்ல. புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கும் லண்டன் வைத்தியர் யட்கினும் தங்கள் இருவரது உடலையும் ஒப்பிட்டு 2004 இல் ஒரு குறிப்பை வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைச் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடலில் 21.2 சதவீதம். மெலிந்தவர்போலத் தோன்றும் நம்மில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். இன்சுலின் இரத்தத்திலிருந்து அகற்றும் சீனியின் பெரும்பகுதி போய்ச்சேருமிடம் தசை. நீரிழிவுக்காக மெலிகிறேன் என்று தசையையும் கரைப்பவர், சீனியை வைக்கும் களஞ்சியத்தையே இடித்துக்கொள்கிறார்.

எச்சரிக்கையொன்றும் உண்டு. சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீரிழிவு சிறுநீரகத்தை மெல்லப் பழுதாக்குவது. வடமத்திய மாகாணத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதையும் செய்தியாளர்களாகிய நாம் பார்த்தோம். இன்சுலின் போடுபவர்கள் மாச்சத்தைத் திடீரென நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடக்கூடும்.

நண்பர் தம் வைத்தியரிடம் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டார். பிறகு செவ்வாயும் வெள்ளியும் என்று கிழமையில் இரு நாட்கள் ஒதுக்கினார். பெரியவர்கள் கிழமையில் இரு நாட்களாவது தசையை வலுப்படுத்தவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், 5 லீற்றர் தண்ணீர்க் கான்கள் இரண்டைத் தூக்கி விறாந்தையில் நடத்தல் என்றுதான் தொடக்கம். கான்களில் முதலில் பாதித் தண்ணீர். பத்து முறை இலகுவாக வந்ததும் இன்னும் கொஞ்சம். பேலியோவை அவர் விடவில்லை. விடவேண்டுமென்று நானும் சொல்லவில்லை. சீனியும் பாணும் பிஸ்கற்றும் போனது நல்லதே. ஆனால் பருப்புக் கறி மீண்டும் அவர் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. "கற்காலத்து ஆக்களுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார்.

சென்ற கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது பாயிலிருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கையை மட்டும் தரையில் ஊன்றி எழுந்தார்.

"மற்றக் கையும் இருக்குது, பாத்தீரே?" என்று அதில் சுருட்டிப் பிடித்திருந்த பேப்பரை உயர்த்திக் காட்டினார்.