மெருகேறாத நாடா

அமெரிக்க கிராமங்களின் கன்ட்ரி இசையை நகரத்து பங்க் ராக்கின் வேகத்தில் வாசித்தால் அது கௌபங்க். 1980களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புகளைக் கலக்கிய இந்தப் பாணியின் செல்லப்பிள்ளை லோன் ஜஸ்டிஸ். 1982-ல் குழு உருவானபோது பாடகி மரியா மெக்கீக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

ஜெஃபன் கம்பெனி அவர்களை வளைத்துப் போட்டது. ஜிம்மி அயோவின் தயாரிப்பில் 1985-ல் முதல் ஆல்பம். பாராட்டு வந்தது, எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. கிளப்பில் கேட்டவர்களின் குறை வேறு: மெருகு ஏறியது, முரட்டுத்தனம் தொலைந்தது. 1986-ல் இன்னொரு ஆல்பம். பிறகு குழு கலைந்தது.

அந்தக் குறை நியாயமானதுதான் என்பதற்கு அத்தாட்சி 2014-ல் வெளியானது. 1983-ல் ஒலிப்பதிவாளர் டேவிட் வாட் பதிவு செய்த நாடா அது. இரண்டே டிராக்குகள். கிடார், டிரம்ஸ், குரல் எல்லாம் ஒரே நேரத்தில். பிற்பாடு ஒட்டுப்போடும் வேலையே கிடையாது. மெக்கீயின் குரல் மூச்சுவிட நேரமில்லாமல் பாய்கிறது.

மெக்கீயும் பேஸ் கலைஞர் மார்வின் எட்சியோனியும் பழைய சகாக்களோடு 1990களில் பதிவு செய்து கிடப்பில் கிடந்த பாடல்களும் தூசி தட்டப்பட்டு, 2024-ல் 'விவா லோன் ஜஸ்டிஸ்' ஆயின. அதில் டிரம்ஸ் வாசிக்கும் டான் ஹெஃபிங்டன் 2021-லேயே காலமாகிவிட்டார்.

குழுவை மீண்டும் கூட்ட இனி வழியில்லை. ஆனால் அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதற்குக் கம்பெனியின் ஆல்பத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.