மூலம் தெரியாத ரசீது

போன மாதம் பேத்தி, முகத்துக்குப் பூசும் க்ரீம் டப்பாவை மேஜைமேல் மறந்து வைத்துவிட்டுப் போனாள். கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். பொடி எழுத்தைக் கண்டால் கை தானாகவே மூக்குக் கண்ணாடியைத் தேடும். டப்பாவின் பின்பக்கம் 'ஸ்குவாலேன்' என்று இருந்தது. பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தச் சொல்லின் வேர் உடனே பிடிபட்டது. 'ஸ்குவால்' என்றால் அங்கே சுறா.

ஆழ்கடல் சுறாக்களின் ஈரலில் ஸ்குவாலீன் என்றொரு எண்ணெய் நிறைய இருக்கிறது. அதைப் பக்குவப்படுத்தினால் கிடைப்பதுதான் ஸ்குவாலேன். தோலை மிருதுவாக்குமாம்.

அப்படியொரு சுறாவைச் சொல்கிறேன். பெயர் போர்த்துகீசிய நாய்ச்சுறா. 1864ல் போர்த்துகல் நாட்டு அறிஞர்கள் இருவர் இதற்குப் பெயரிட்டார்கள். நாலடி நீளம்தான் இருக்கும். ஆனால் 3,675 மீட்டர் ஆழம் வரை இதைக் கண்டிருக்கிறார்கள். வேறு எந்தச் சுறாவும் அவ்வளவு ஆழத்தில் அகப்பட்டதாகப் பதிவில்லை. வெயில் எட்டாத இருட்டு அது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த ஈரல்தான் மிதவை. உடம்பு எடையில் கால் பங்கு, சிலவற்றில் அதற்கு மேலும், ஈரலாகவே இருக்கும். பிழைக்க உதவிய அந்த ஈரலே அதற்கு எமனாகிவிட்டது.

இது முட்டையிடாது, குட்டி போடும். வயிற்றில் ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து, ஈற்றுக்குச் சுமார் ஒரு டஜன். அதே ஆழத்தில் வாழும் இன்னொரு சுறா எழுபது வயது வரை இருக்குமென்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட என் வயது! இதன் உறவுக்காரச் சுறாக்களில் ஈற்றுக்கு ஒரே குட்டி போடுபவையும் உண்டு.

பிரான்சில் இவ்விரண்டையும் தோலுரித்து 'சிக்கி' என்ற பெயரில் விற்றார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது சுறா என்று தெரிந்திருக்கும்? இருப்பு குறைந்துவிட்டது தெரிந்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் 2010ல் பிடிக்கும் அளவைப் பூஜ்யமாக்கியது. 2016ல் 800 மீட்டருக்குக் கீழே அடிமடி வலை இழுக்கவும் தடை போட்டது. நம் பக்கமும் அரபிக்கடலிலும் அந்தமான் பக்கத்திலும் இதே சாதிச் சுறாக்களை ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கிறார்கள்.

உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. விலை கொடுக்க ஆள் இருக்கும்வரை பிடிக்கத்தான் செய்வார்கள். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. மத்தி, நெத்திலி எல்லாம் சேமிப்புக் கணக்கு மாதிரி. எடுத்தாலும் சீக்கிரம் நிரம்பும். ஆழ்கடல் சுறாவோ நீண்டகால வைப்பு நிதி. அதில் வட்டி சொற்பம். முதலை எடுத்தால் நம் ஆயுளில் திரும்ப வராது.

இத்தனைக்கும் அதே ஸ்குவாலேனை ஆலிவ் எண்ணெயிலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள். அப்புறம் எதற்கு எழுபது வருஷ உயிரைக் கொல்ல வேண்டும்? எதிலிருந்து எடுத்தது என்பதை டப்பாவிலேயே அச்சிட வேண்டுமென்று சட்டம் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கட்சி.

பேத்தியின் டப்பாவில் அந்த விவரம் இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். "ஒரு க்ரீமுக்கு இவ்வளவா தாத்தா?" என்று சிரித்தாள். மூலம் தெரியாத ரசீதை நான் ஒருநாளும் பாஸ் பண்ணியதில்லை என்றேன். அன்றிரவே எழுதிவிட்டாளாம். பதில் இன்னும் வரவில்லை.